தன் விருப்பத்தின் பேரில்

அவளுக்கு வக்கீலம்மா என்று பட்டப்பெயர் வைத்தவர் மாமனார். சமூக நலச் சட்டங்களும் கொள்கையும் என்ற பாடத்துக்கும் வக்கீல் தொழிலுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். "புஸ்தகம் பூரா சட்டமா இருக்கு, அப்புறம் நீ வக்கீல் இல்லாம யாரு?" என்பார். கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்து மருமகள் கல்லூரிக்குப் போகிறேன் என்றபோது, மகன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். ஒற்றைக் காலில் நின்று அவளை அனுப்பி வைத்தவர் மாமனார்தான்.

கணவன் வாஷிங் மெஷின் பழுது பார்ப்பவன். வீட்டு வாசலிலேயே பட்டறை. கழற்றிப் போட்ட மோட்டார்களும் டிரம்களும் படுக்கையறை வரை வந்துவிட்டன, இடம் போதவில்லை என்று தினமும் ஒரு பாட்டுப் பாடுவான். புத்தகத்தைக் கண்டாலே கொட்டாவி விடுகிற அந்த மனிதன், பரீட்சை நெருங்கியதும் தானாகவே வந்து எதிரில் உட்கார்ந்தான். "நான் கேள்வி கேக்குறேன், நீ பதில் சொல்லு" என்றான். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. பாத்திரம் தேய்த்தபடியே பதில் சொன்னாள்.

முதியோர் நலச் சட்டத்துக்கு வந்த அன்று அவன் கொட்டாவியே விடவில்லை.

"சம்பாதிக்கிற மகன் இருந்தா அரசாங்க முதியோர் இல்லத்துல சேர்க்க மாட்டாங்களா?"

"மாட்டாங்க. மகன்தான் பாத்துக்கணும். இல்லேன்னா அபராதம்."

"வேற வழியே கிடையாதா?"

"ஒண்ணு இருக்கு. பெரியவர் தானாவே 'என் விருப்பத்தோட தனியாப் போறேன்'னு எழுதிக் குடுத்தா சேர்த்துக்குவாங்க. மகனையும் எதுவும் கேக்க மாட்டாங்க. வீட்டுல அடி உதை வாங்குறவங்க புகார் குடுக்கப் பயப்படுவாங்கல்ல, அவங்க தப்பிச்சு வர்றதுக்காக வச்ச பிரிவுங்க அது."

இன்னொரு தரம் சொல்லச் சொன்னான். அவளும் நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். புருஷனுக்குப் படிப்பில் ருசி வந்துவிட்டது என்று பூரித்துப்போனாள் அந்தப் பைத்தியக்காரி.

பரீட்சையில் அதே கேள்வி வந்தது. விளாசித் தள்ளிவிட்டாள். மாமாவிடம் சொல்ல வேண்டும் என்று ஓட்டமும் நடையுமாக வீடு வந்து சேர்ந்தாள். அவர் அறையில் கட்டில் இல்லை. அந்த இடத்தில் வாஷிங் மெஷின்கள் வரிசையாக நின்றன.

"அப்பா இல்லத்துக்குப் போயிட்டாரு" என்றான் கணவன், ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைக்காமலே. "அவரே எழுதிக் குடுத்தாரு. எல்லாம் சட்டப்படிதான். நீதானே சொன்ன."

எதிரில் உட்கார்ந்து கேள்வி கேட்டதெல்லாம் இதற்குத்தானா? நம்ப வைத்துக் கழுத்தை அறுத்துவிட்டான், அதுவும் அவள் கையிலிருந்தே கத்தியை வாங்கி. செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பி நடந்தாள்.

இல்லத்தின் நீளமான கூடத்தில், கடைசிக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார் மாமனார். பையைத் திறக்காமல் மடியிலேயே வைத்திருந்தார். அவளைப் பார்த்ததும் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"பரீட்சை எழுதிட்டியாம்மா?"

வக்கீலம்மா என்று அவர் கூப்பிடவில்லை.

"வாங்க மாமா, வீட்டுக்குப் போலாம். எழுதிக் குடுத்ததைத் திரும்ப வாங்கிக்கலாம், சட்டத்துல இடம் இருக்கு."

"எதுக்கும்மா? மாமா வீட்டுல இருந்தா படிக்க முடியலன்னு சொன்னியாம். என்கிட்ட நேரா சொல்லக் கூச்சமா இருக்குன்னு அவனை விட்டுச் சொல்லச் சொன்னியாம். நீ படிக்கணும்னுதான் கையெழுத்துப் போட்டேன்."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. படுபாவி, பழியையும் தூக்கி அவள் தலையில் போட்டிருக்கிறான்.

"நான் சொல்லல மாமா. சத்தியமா சொல்லல. ஒரு வார்த்தைகூடச் சொல்லல."

அதைக் கேட்டதும் அவர் முகம் தெளியும் என்று நினைத்தாள். தெளியவில்லை. பையின் ஜிப்பை இழுத்துத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

"நீ சொன்னேன்னு நெனச்சப்போ வயிறு எரிஞ்சுதும்மா" என்றார் கடைசியில். "ஆனா நாம பெத்த பொண்ணா, வெளிய இருந்து வந்தவதானேன்னு மனசைத் தேத்திக்கிட்டேன். இப்போ என்னன்னு சொல்லித் தேத்திக்கறது?"