நாற்பத்தொன்றாம் குட்டிக்குக் கேட்ட அவகாசம்

பிறந்து ஒரு நாளான சைகா மான்குட்டியின் விலை நாலாயிரம் டெங்கே. சொன்னது என் அப்பா. கோஸ்தனாய் சந்தையில் முப்பது வருஷமாகத் தோலும் கம்பளியும் விற்கிறவர். உலகத்தில் எதற்கும் ஒரு விலை சொல்லிவிடுவார், கேட்கிற ஆள் கெட்டிக்காரனாக இருந்தால் பாதிக்கு இறங்கியும் வருவார். பல்கலைக்கழகத்திலிருந்து புல்வெளிக்கு, குட்டிகளை எடைபோடப் போகிறோம் என்று நான் சொன்னதும் அவருக்குத் தொழில் புத்தி விழித்துக்கொண்டது.

"எடைபோட்டு?"

"எழுதிக்கிட்டு அங்கேயே விட்டுருவோம்."

"எடைபோட்ட சரக்கை எவனாவது கீழே விடுவானா அக்போத்தா? நாலு வருஷம் மிருகத்தை எண்ணுறது. அப்புறம் அஞ்சு வருஷம் அதுக்கு ஊசி போடப் படிக்கிறது. நேரா ஊசிக்கே போயிருக்கலாம்ல?"

ஒரு மிருகம் எப்படி வாழ்கிறது என்று தெரியாமல் அதற்கு வைத்தியம் பார்க்கக் கூடாது என்றேன். அது என் பேராசிரியை ராய்கானின் வாக்கியம், எங்களுக்கு அவர் அபாய், அதாவது அக்கா. எனக்கு அப்போது அர்த்தம் தெரியாது, சொல்ல நன்றாக இருந்தது.

மே மாதம். ஆயிரக்கணக்கில் சைகாக்கள் குட்டி போட ஒரே இடத்தில் கூடியிருந்தன. வளைந்த குழாய் மாதிரி மூக்கு, அழகுப் போட்டிக்கு அனுப்ப முடியாத முகம். குட்டிகளோ மண்ணோடு மண்ணாகக் கிடக்கும், மிதித்தால்தான் தெரியும். கையுறையில் ஜுசான் என்கிற கசப்புச் செடியின் இலையைக் கசக்கித் தேய்த்துக்கொள்வோம், எங்கள் வாடை குட்டிமேல் ஒட்டக் கூடாது. தொங்கு தராசில் எடை, காதில் எண் போட்ட வில்லை, மறுபடி அதே இடத்தில். அறுபத்துமூன்று குட்டிகள்.

வனக்காவலர் துர்சின் அகாவுக்கு மட்டும் நாங்கள் செய்வது பிடிக்கவில்லை. எல்லோரும் அகா, அண்ணன், என்று கூப்பிடுகிற அவர், மந்தையை வாய்விட்டு எண்ணக் கூடாது என்று வளர்ந்தவர்.

"எண்ணாத பொண்ணே. எண்ணினா குறையும்."

"உங்க ஆடு எத்தனைன்னு உங்களுக்குத் தெரியாதா அகா?"

"கறுப்பி இருக்காளா, ஒத்தக்கொம்பன் இருக்கானான்னு பாப்பேன். போதும்."

ஏழாம் நாள் காலையில் தாய்கள் படுக்கத் தொடங்கின. வாயில் நுரை, வயிறு உப்பல், மதியத்துக்குள் முடிந்துவிடும். நகரத்திலிருந்து வெள்ளை அங்கி போட்ட மருத்துவர்கள் வந்து ரத்தம் எடுத்துப் போனார்கள். மருந்து என்று யாரும் வாயைத் திறக்கவில்லை. செத்த தாயின் மடியை முட்டிக்கொண்டே குட்டிகளும் போயின. நான் காது வில்லைகளைக் கழற்றிப் பைக்குள் போட்டேன். மூன்று நாளில் பை கனத்துவிட்டது.

சாவு தொடங்கிய நான்காம் நாள் காலை ஆறு மணிக்கு, ஓடைக்கரைக் கல்லுக்குப் பக்கத்தில், காது வில்லையில் நாற்பத்தொன்று. உயிரோடு. கண் இமைத்தது.

அபாய் என் கையைப் பிடித்துக்கொண்டார். "தொடாதே. சாயங்காலம் நாலு மணி வரைக்கும் பாரு."

"செத்துரும் அபாய்."

"தாய் குட்டியைப் படுக்க வச்சிட்டு மேயப் போகும், மணிக்கணக்கா வராது. தனியா கிடக்கிற குட்டியெல்லாம் அனாதை இல்ல. முதல் வருஷப் பாடம்."

"எந்தத் தாய்? கண்ணுக்கெட்டுற தூரத்துல நிக்கிற மான் ஒண்ணைக் காட்டுங்க."

"நாலு மணி."

"பத்துக்கு எடுத்துக்கறேன்."

"இது என்ன உங்கப்பா கடையா?"

"சரி, பதினொண்ணு. வெயில் ஏறிரும்."

"மூணு," என்றார். விலை இறங்குகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் மூன்று நாளாகத் தூங்கியிருக்கவில்லை.

"பன்னெண்டு. மத்த அறுபத்திரெண்டுக்கு நான் உங்ககிட்ட எதாவது கேட்டேனா?"

அவர் கையை அசைத்தார். கடைக்காரன் அப்படி அசைத்தால், எடுத்துக்கொண்டு போய்த்தொலை என்று அர்த்தம். அபாய் நல்ல விஞ்ஞானி, பேரம் பேசத் தெரியாதவர். அந்த வேளையிலும் எனக்குள் ஒரு சின்னப் பெருமை. அப்பா பார்த்திருந்தால் தோளில் தட்டியிருப்பார்.

சரியாகப் பன்னிரண்டுக்கு எடுத்தேன். கையுறை கூடப் போடவில்லை. இனி யாருக்காக? கோட்டுக்குள் பொத்தி, துர்சின் அகா வீட்டுக்குக் கொண்டுபோய், ஆட்டுப்பாலில் தண்ணீர் கலந்து புகட்டினேன். குடித்தது. என் விரலைச் சப்பியது.

இரண்டரைக்கு அகாவின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. அவர் இறங்கவில்லை.

"இந்தக் குட்டி எங்க கிடந்துச்சு?"

"ஓடைக்கரையில. கல்லுக்குப் பக்கத்துல."

"அங்க ஒண்ணு சுத்துது. ரெண்டு மணியிலேர்ந்து சுத்துது."

இத்தனை நாளில் அந்த மனுஷர் வாயிலிருந்து மிருகங்களுக்கு ஓர் எண் வந்தது அப்போதுதான்.

குட்டியை அந்த இடத்திலேயே விட்டுவிட்டு மேட்டுக்குப் பின்னால் படுத்துக்கொண்டோம். மடி கனத்த பெண் மான். குட்டி நடுங்கும் காலோடு அதனிடம் ஓடியது. மான் குனிந்து முகர்ந்தது. ஆட்டுப்பால், அடுப்புப் புகை, என் கோட்டு. பின்வாங்கியது. மறுபடி வந்தது, மறுபடி முகர்ந்தது. குட்டி மடிக்குள் தலையை நீட்டியபோது விலகி நின்றது. பிறகு குட்டி படுத்திருந்த பழைய பள்ளத்துக்குப் போய், அதை வெகுநேரம் முகர்ந்துகொண்டிருந்தது. அங்கே அதன் குட்டியின் வாடை இருந்தது. வெயில் சாயும்போது வடக்கே நடந்துபோனது.

நாற்பத்தொன்று இரண்டு நாள் இருந்தது. அறுத்துப் பார்க்கும்போது அபாய், "கத்தியை நீயே பிடி," என்றார். வயிற்றில் பால் செரிக்காமல் கட்டியாக நின்றது. அவர் திட்டியிருந்தால் தேவலை.

வீட்டுக்கு வந்ததும் அப்பா, "எத்தனை பிழைச்சுது?" என்றார். வில்லைப் பையைக் காட்டினேன். கையில் தூக்கிப் பார்த்துவிட்டு மெல்லக் கீழே வைத்தார். விலை எதுவும் சொல்லவில்லை.

இப்போது கால்நடை மருத்துவக் கல்லூரி விண்ணப்பம் மேசைமேல் இருக்கிறது. நீங்கள் பராமரித்த விலங்கைப் பற்றி எழுதுக என்று ஒரு கட்டம். நாலு முறை எழுதிக் கிழித்துவிட்டு, எங்கள் வீட்டில் கடைக் கணக்கு எழுதுகிற மாதிரியே எழுதினேன்:

அபாய் கேட்டது, பத்து மணி நேரம்.
நான் பேசி முடித்தது, ஆறு.
தாய் வந்து சேர்ந்தது, எட்டு மணி நேரத்தில்.
பாக்கி, இரண்டு.