துணியில் விழுந்த சிவப்பு

லூர்துராஜுக்கு அழுக்கு என்றால் ஆகவே ஆகாது. ஒரகடம் கூட்ரோட்டில் ஏகாம்பரநாதன் நடத்திவந்த படகு எஞ்சின் பட்டறையில், ஆயில் பைப்பைத் தொடும் உரிமை அவர் ஒருவருக்குத்தான். பக்கத்தில் போகிறவன் மோதிரத்தைக் கழற்ற வேண்டும், சட்டைப் பையை உதற வேண்டும். பஞ்சு வேஸ்ட்டை எடுத்துத் துடைத்தால் தொலைந்தான். ஒரே ஒரு நூல் உள்ளே போனாலும் வடிகட்டியில் சிக்கிக்கொள்ளும் என்று அரைமணி நேரம் திட்டு வாங்க வேண்டும். மாதா கோயிலில் நன்மை அப்பம் வாங்கும்போது ஃபாதரின் விரல் நுனியைக்கூட இவர் ஒரு பார்வை பார்த்துக்கொள்வார் என்று பட்டறையில் கேலி உண்டு.

அது எண்பத்து மூன்றாம் வருஷத்து விஜயதசமி. எஞ்சினை எடுத்துப் போகக் காசிமேட்டிலிருந்து கோபால் லாரியோடு காலையிலேயே வந்துவிட்டார். படகுக்காரர், சூடுபட்டவர். முன்பு வேறொரு பட்டறையில் பார்த்த எஞ்சின் நடுக்கடலில் இறுகி நின்றுபோய், நான்கு ஆட்களோடு இரண்டு நாள் அலையில் கிடந்திருக்கிறார். ஆயிலில் கிடந்த அழுக்குதான் காரணம்.

இந்த எஞ்சினும் லேசுப்பட்டதில்லை. கடல் தண்ணீர் ஆயிலில் இறங்கி, பைப்பெல்லாம் உள்ளே துருப்பிடித்து வந்தது. லூர்துராஜ் பன்னிரண்டு நாள் ஒவ்வொரு பைப்பாகக் கழற்றித் தேய்த்திருந்தார்.

"துணி வெள்ளையா வந்தா எடுத்துனு போறேன் மேஸ்திரி. இல்லாட்டி இப்டியே லாரில ஏத்திக்கினு வேற எடம் பாத்துக்குறேன்" என்றார் கோபால்.

"பாருங்க, உங்க கண்ணு எதிர்லயே வுடறேன்" என்றார் லூர்துராஜ். ஆயுத பூஜைக்கு முதல் நாள் ஓட்டிப் பார்த்தபோது துணி பால் மாதிரி வந்திருந்தது. அந்தத் தைரியம்.

கழுவுவதற்கென்றே வைத்திருந்த மெல்லிய ஆயிலைச் சூடாக்கிப் புனல் வழியாக ஊற்றினார். பம்ப்பைப் போட்டார். ஆயில் பைப்புகளைச் சுற்றித் திரும்பி விழும் வாயில் வெள்ளை வேட்டித் துண்டைக் கட்டினார். நூல் பிரியாமல் இருக்க அதன் ஓரத்தை அவர் மனைவி அருள்மேரி மடித்துத் தைத்திருந்தாள். உள்ளே ஒட்டியிருப்பது ஏதாவது இருந்தால் உதிரட்டும் என்று மரச்சுத்தியலால் பைப்புகளைத் தட்டிக்கொண்டே போனார். அரைமணி கழித்துத் துணியை அவிழ்த்தார்.

துணி நடுவில் சிவப்பாகத் தூள்.

லூர்துராஜ் துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். துரு இன்னும் உள்ளே இருக்கிறதா? பன்னிரண்டு நாள் உழைப்பும், இருபது வருஷப் பேரும் அந்த ஒரு சாண் துணியில் போய்விட்டதா? கோபால் லாரி டிரைவரைத் திரும்பிப் பார்த்தார்.

சாமான்களை மண்ணெண்ணெயில் கழுவும் கனகம், கையைத் துடைத்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள்.

"இது இன்னா மேஸ்திரி, துரு இவ்ளோ செக்கச்செவேல்னா கீது? குடு இப்டி."

துணியை மண்ணெண்ணெயில் அலசி, ஆயில் போனதும் வெயிலில் உலர்த்தினாள். தூள் மட்டும் அதில் ஒட்டிக்கொண்டிருந்தது. லாரிச் சக்கரத்துக்கு வைக்க எடுத்து வைத்திருந்த எலுமிச்சம்பழத்தை நறுக்கி அதன்மேல் பிழிந்தாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவப்பு மஞ்சளாயிற்று.

"குங்குமம்! நேத்து பூஜைக்கு நான் வூட்ல மஞ்சள்ல சுண்ணாம்பு சேத்து செஞ்சி எடுத்தாந்தது. எலுமிச்சை பட்டா மஞ்சளாத்தான் ஆவும். துருவா இருந்தா ஆவுமா?"

"எவன்டா எஞ்சினுக்குள்ள குங்குமத்தக் கொட்னது?" என்று ஏகாம்பரநாதன் கத்தினார். ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

லூர்துராஜின் கண் புனலில் போய் நின்றது. நேற்று லேத்துக்கும் சைக்கிளுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே வந்த முதலாளி, தட்டை அவரிடம் நீட்டி, "உன் சாமானுக்கு நீயே வையி லூர்து" என்று சொல்லியிருந்தார். லூர்துராஜுக்கு மனசு நிறைந்துவிட்டது. பம்ப்புக்கு வைத்தார், சுத்தியலுக்கு வைத்தார். புனலுக்கு வெளியே வைத்தால் பிடிக்கும்போது அழிந்துவிடுமே என்று, பார்த்துப் பார்த்து உள்பக்கமாக வைத்தார். இன்று கோபாலிடம் தன் சாமர்த்தியத்தைக் காட்டும் அவசரத்தில் அதைத் துடைக்காமலே ஊற்றிவிட்டார்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஊருக்கெல்லாம் கைகழுவச் சொன்ன மனுஷனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"நான்தான் முதலாளி" என்றார். "புனலுக்கு உள்ள வச்சேன். தொடைக்காம ஊத்திட்டேன்."

கனகம் ஆரம்பித்த சிரிப்பு பட்டறை முழுக்கப் பரவியது. கோபால் மட்டும் சிரிக்கவில்லை.

"நான் நடுக்கடல்ல நின்னு வந்து கேட்டப்போ அந்தப் பட்டறையில ஒருத்தன்கூட 'நான்தான்'னு சொல்லல மேஸ்திரி" என்றார். "மறுபடி கழுவுங்க. நான் இருக்கேன்."

லூர்துராஜ் ஆயிலை வடித்துவிட்டு, புனலை மூன்று தரம் கழுவி, புது ஆயில் ஊற்றிப் புதுத் துணி கட்டினார். கோபால் நேற்றைய பொரியைக் கொறித்துக்கொண்டு காத்திருந்தார். மத்தியானம் அவிழ்த்த துணியை அவரே வெயிலில் விரித்துப் பிடித்துப் பார்த்தார். ஒரு புள்ளி இல்லை.

எஞ்சின் லாரியில் ஏறியதும் கோபால் கனகத்திடமிருந்து குங்குமச் சிமிழை வாங்கி நீட்டினார்.

"நல்ல நாள். உங்க கையாலயே ஒரு பொட்டு வைங்க மேஸ்திரி. வெளிப்பக்கமா."

லூர்துராஜுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. ஆயில் மூடியை இரண்டு தரம் இறுக்கித் திருகிப் பார்த்துவிட்டுத்தான் குங்குமத்தைத் தொட்டார்.