ஒரு தடவைதான் எரியும் லயம்

ராகலைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யுத்தப் படம் எடுக்க வந்தார்கள். எதிரிப்படை ஊருக்குள் புகுந்து கொளுத்துகிற காட்சி. பலகையிலும் தகரத்திலும் பொய்யாக ஒரு லயம் கட்டியிருந்தார்கள். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகப் பத்துக் காம்பரா, காம்பராவுக்கு ஒரு குடும்பம், நாங்கள் குடியிருக்கிற லயம் மாதிரியே. அதை ஒரு தடவைதான் கொளுத்த முடியும்.

ஆட்களைக் கூட்டிவந்து ஓடவிடுவது என் பொறுப்பு. "சொதப்பினா இன்னியோட ஒங்க வேல முடிஞ்சுது லோஜன்," என்று டைரக்டர் துஷாந்த் காலையிலேயே சொல்லிவிட்டார். இது போனால் மறுபடி மருந்தடிக்கிற டாங்கியை முதுகில் மாட்ட வேண்டியதுதான்.

மூன்று தடவை ஒத்திகை. பெண்கள் சிரித்துக்கொண்டே ஓடினார்கள். "ஏய் பிரேமினி, எதிரி வர்றதுக்குள்ள நீயே விழுந்து செத்துருவ போல!" என்று கத்தியது என் அம்மா காளியாயி.

பிறகு நெருப்பு வைத்தார்கள். தேயிலைக்குள்ளிருந்து சீருடைக்காரர்கள் துப்பாக்கியோடு எழுந்தார்கள். சிரிப்பு நின்றது. சொன்னபடியே எல்லாரும் ஓடினார்கள்.

பாதி வழியில் அம்மா நின்றது. திரும்பியது. எரிகிற லயத்தைப் பார்த்து ஓடியது. பின்னால் நாகலெட்சுமி அக்கா. அப்புறம் ஐம்பது தாண்டிய அத்தனை பேரும். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. துப்பாக்கிக்காரர்களை இடித்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். நிஜ லயத்தில் யாருக்கு எந்தக் காம்பராவோ, அவரவர் அதற்குள்ளேயே நுழைந்தார்கள்.

கேமரா ஓடிக்கொண்டிருந்தது. குறுக்கே போனால் காட்சி போச்சு, வேலையும் போச்சு. போனேன்.

நாலாவது காம்பரா. புகைக்குள் அம்மா கூரைக்கட்டை மேலே கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தது.

"பெட்டி எங்கடா?"

"அம்மா, இது நம்ம வீடு இல்லம்மா!"

இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். மற்றவர்களை எதிரிகளே துப்பாக்கியைப் போட்டுவிட்டு இழுத்து வந்தார்கள். கூரை விழுந்தது.

டைரக்டர் என்னைப் பார்க்கவே இல்லை. அம்மா முன்னால் குந்தினார். "என்ன பெட்டிம்மா?"

"நாங்க இங்க பொறந்தவங்கன்னு எழுதியிருக்க காயிதம். எண்பத்து மூணு கலவரத்துல லயத்தக் கொளுத்துனப்ப விட்டுட்டு ஓடிட்டோம், எரிஞ்சு போச்சு. அப்புறம் எத்தன வருசம் 'நீ யாரு, எந்த நாடு'ன்னு கேட்டாங்க தெரியுமா?"

அவர் சாம்பலையே பார்த்துக்கொண்டிருந்தார். "லோஜன், நாளைக்கு ஆறு மணிக்கு வந்துருங்க," என்றார். அப்புறம் அம்மாவிடம், "நீங்க அந்தப் பெட்டிய எடுக்குற மாதிரி ஒங்க வீட்டுலயே படம் புடிக்கலாமா?"

"வாங்க, புடிங்க," என்றது அம்மா. "நெருப்ப மட்டும் கொண்டு வராதீங்க."