பாதிக்கு மேல

வலது கை ஓய்ந்துபோய்விட்டது. விசிறியை இடது கைக்கு மாற்றி, அவள் அப்பாவின் முகத்துக்கு வீசினாள். மின்சாரம் காலையிலேயே போய்விட்டது. கட்டிலருகே ஆக்சிஜன் மெஷின் சத்தமில்லாமல் கிடக்க, அதன் குழாயைக் கழற்றி மூலையில் நின்ற இரும்புச் சிலிண்டரில் மாட்டியிருந்தாள்.

ஜன்னலுக்கு வெளியே அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி புகையில்லாமல் மழையில் நனைந்துகொண்டிருந்தது. நாட்டில் பாதி வீட்டு விளக்கு எங்கள் கரியில்தான் எரிகிறது என்று அப்பா பெருமையடிப்பார். விளக்கடியில் இருட்டு என்பது இந்தத் தெருவுக்குத்தான் பொருந்தும். ஆயுசெல்லாம் மூச்சில் இழுத்த கரி, அவர் நெஞ்சிலேயே குடியேறிவிட்டது.

அங்கே அவர் பார்த்த வேலை குழாய் தட்டுவது. கொதிகலனுக்கு நிலக்கரி இறங்குகிற பெரிய இரும்புக் குழாய் அது. மழைக்காலத்தில் ஈரக்கரி உள்ளே களிமண்ணாக ஒட்டிக்கொள்ளும். சுத்தியலால் தட்டும்போது கணீரென்றால் காலி, மொத்தென்றால் கரி நிற்கிறது. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. தண்ணீர் டிரம், பூசணிக்காய், அவளைப் பெண் பார்க்க வந்தவனின் பைக் டாங்க் வரைக்கும் தட்டுவார். டாங்க் காலி என்று அந்த வரனையே திருப்பி அனுப்பியவர். தெருவில் அவருக்குத் 'தட்டுராஜா' என்றே பெயர். சமையல் கேஸைத் தட்டி இன்னும் நாலு நாள் வரும் என்றால், வரும்.

காலையில் இந்தச் சிலிண்டரையும் படுத்தபடியே தட்டினார். அதன் அளவுகாட்டி முள், காலியைக் காட்டும் சிவப்பில் கிடந்தது.

"முள்ளு கெட்டுப்போச்சும்மா. பாதிக்கு மேல இருக்கு," என்றார்.

மழை வலுப்பதற்குள் இன்னொன்று அனுப்பட்டுமா என்று சிலிண்டர் கடைக்காரர் போனில் கேட்டார். வேண்டாம், பாதிக்கு மேல் இருக்கிறது என்று அவள்தான் சொன்னாள்.

அண்ணனுக்கும் அதே வேலை, அதே குழாய். மதியம் கூப்பிட்டபோது பின்னால் சுத்தியல் சத்தம் கேட்டது. மேலதிகாரியே வீட்டுக்குப் போகச் சொல்லியும் அவன் போகவில்லையாம்.

"நான் வந்து கையைப் பிசைஞ்சுட்டு நிக்கவா? கரி இறங்கினாத்தான் கரண்டு. கரண்டு வந்தாத்தான் அப்பாவுக்கு மெஷினு. இறக்கிட்டு வந்துடறேன். அதுவரைக்கும் சிலிண்டர் தாங்கும்ல?"

"தாங்கும்ணா. அப்பாவே தட்டிப் பாத்துட்டாரு."

தாங்கவில்லை. அப்பாவின் மூச்சு சட்டென்று இரைக்கத் தொடங்கியது. குழாயின் வாயில் விரலை வைத்துப் பார்த்தாள். காற்று வரவில்லை. கடைக்குப் போன் போட்டால், ரோட்டில் இடுப்பளவு தண்ணீர் என்றார்கள். அப்பா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். பிடி கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. பிறகு பிடியே இல்லை.

அழுகைக்கு முன்னால் அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது. சமையல் கேஸ் உள்ளே தண்ணீராக நிற்கும், தட்டினால் தெரியும். இது வெறும் காற்று. காற்றைத் தட்டினால் என்ன சொல்லும்? கண்ணுக்கு எதிரே முள் இருந்தும், பூசணிக்காய் தட்டுகிறவரை நம்பிவிட்டாளே. அப்பாவின் கையைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள்.

மழை விட்டபோது புகைபோக்கியில் புகை எழுந்தது. கொஞ்ச நேரத்தில் விளக்கு எரிந்தது. மின்விசிறி சுழன்றது. யாரும் தொடாமலே மெஷின் உறுமத் தொடங்கியது. தெருவில் யாரோ கைதட்டினார்கள்.

அவள் அந்த மெஷினையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குழாயை எடுத்து அதில் மாட்டி, மறுமுனையை அப்பாவின் மூக்கில் சரியாகப் பொருத்தினாள். சிலிண்டரின் முள்மேல் ஒரு துண்டைப் போட்டாள்.

தலையோடு கால் கரியாக அண்ணன் வந்தான். மெஷின் சத்தம் வாசலிலேயே கேட்டிருக்க வேண்டும், முகமெல்லாம் சிரிப்பாக நுழைந்தான். அவள் கண்களைப் பார்த்ததும் நின்றான்.

"கரண்டு வந்தப்புறமா?"

"வந்தப்புறந்தாண்ணா. மெஷின் ஓடிட்டுதான் இருந்துச்சு. தூக்கத்துலயே..."

அவன் தரையில் உட்கார்ந்தான். உள்ளங்கைகளில் கொப்புளம் உடைந்திருந்தது. பிறகு கையை நீட்டி, மடக்கிய விரலால் சிலிண்டரைத் தட்டினான். தலையைச் சாய்த்துக் கேட்டான்.

"இதுலயும் பாதிக்கு மேல இருக்கே," என்றான்.

"ஆமாண்ணா."

அவன் தட்டியதில் துண்டு நழுவி முள்ளின் நுனி தெரிந்தது. அவள் குனிந்து துண்டை இழுத்துவிட்டாள்.