வெளிச்சத்தில் பார்த்த ஏரி

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் ஜெயபாரதிக்கு இந்த வேலை வந்திருக்காது.

தி.நகரில் சுயம்புலிங்கம் அண்ணாச்சியின் ஜவுளிக்கடையில் ஒரு வழக்கம் உண்டு. ஆடித் தள்ளுபடிக் கூட்டம் வந்து விழுவதற்கு முன்னால், ஆனிக் கடைசியில், கடையில் வேலை செய்யும் இருபத்தியிரண்டு பெண்களையும் அண்ணாச்சி இரண்டு நாள் டூர் கூட்டிப்போவார். டூர் என்றால் திருச்செந்தூர். ஒன்பது வருடமாகத் திருச்செந்தூர். அந்தத் திங்கட்கிழமை காலை கல்லாவுக்குச் சூடம் காட்டி முடித்ததும் பத்தாவது தடவையாக அதையே அறிவித்தார். எல்லாரும் தலையாட்டினார்கள். ஜெயபாரதி மட்டும் கேட்டாள்:

"டூரு எங்களுக்கா, உங்க வீட்டுக்கா அண்ணாச்சி?"

சூடத் தட்டு அந்தரத்தில் நின்றது.

"போன வருசம் பஸ்ஸு நின்னதும் நீங்க கடல்ல குளிக்கப் போனீங்க. நாங்க அடுப்பு பத்த வச்சோம். உங்க வீட்டு ஆளுங்க பதினாலு பேருக்கும் டீ ஊத்தி, பொங்கி, பாத்திரம் கழுவி... வருசம் முழுக்க இங்க நிக்கிறோம். அங்கயும் நின்னோம். முருகரக்கூட கூட்டத்துக்குப் பின்னாடி எக்கிதான் பாத்தோம்."

அண்ணாச்சி கோபப்படுகிற ஆள் இல்லை. கோபம் வந்தால் சிரிப்பார், அதுதான் கஷ்டம்.

"ஏட்டி, நீ படிச்ச புள்ள. நீயே ஒரு இடம் பாரு. புதங்கிழம சாயங்காலம் ஆறு மணிக்கு எனக்குச் சொல்லணும். சொல்லலன்னா பஸ்ஸு செந்தூருக்கு. அண்டா, குண்டான் எல்லாம் கழுவி வச்சிருக்கேன்."

ஆதம்பாக்கத்தில் தண்ணீர் லாரி ஓட்டுகிறவரின் மகள் அவள். குடும்பத்தில் முதல் பட்டதாரி என்று தாசில்தார் கையெழுத்துப் போட்ட சான்றிதழ் வைத்திருப்பவள். கடையில் ஒரு வருடம் புடவை விரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். பிறகு அண்ணாச்சி அவளைக் கடையின் ஆன்லைன் பக்கத்துக்கு மாற்றினார். புடவையைப் படம் பிடித்து, கொஞ்சம் பளிச்சென்று ஆக்கி, பேர் வைத்து ஏற்ற வேண்டும். அன்றிலிருந்து புடவைப் பிரிவில் நிற்கும் பொன்மணிக்கு அவள் பெயர் ஜெயபாரதி இல்லை, டிகிரி.

"இன்னா டிகிரி, எங்க கூட்டிக்கினு போற? சுவிச்சர்லாந்தா?"

"மலைமேல ஏரி. ஏரிக்கரையில டென்ட்டு. சமைக்க ஆளு கீது, கழுவ ஆளு கீது. நம்ம உக்காந்து தண்ணியப் பாக்கணும். அவ்ளோதான்."

"உக்காரவா?" என்றாள் பொன்மணி. "எனக்கு மறந்து போச்சே, எப்டி உக்கார்றது?"

மதியச் சாப்பாடு மூன்றாம் மாடி குடோனில், மூட்டைகளுக்கு நடுவே. டிபன் பாக்ஸ்களுக்கு மத்தியில் ஜெயபாரதி தன் போனை நிறுத்தி வைத்து ஒவ்வோர் இடமாகக் காட்டினாள். அப்போதுதான் அவளுக்கு ஒன்று விளங்கியது. இத்தனை வருடமாக வாடிக்கையாளர்கள் இவர்களைப் படுத்திய பாட்டையெல்லாம் இவர்கள் சேர்த்து வைத்திருந்தார்கள்.

"இது டிசைன் நல்லாருக்கு, ஆனா நடுவுல வெறிச்சுனு கீதே. அடுத்தது போடு."

"இதே மாதிரி பச்சையில இல்லியா?"

"மொதல்ல காட்டுனியே அத மறுபடி காட்டு. ஐய, வேணாம், மடிச்சிடு."

தையல் பிரிவின் குல்சும் அக்கா மட்டும் எந்த ஏரியைக் காட்டினாலும் ஒரே கேள்வி கேட்டாள். "பாத்ரூம் எங்கடி?"

"அக்கா, இயற்கையப் பாருக்கா."

"அதுக்குத்தான் கேக்குறேன்."

கடைசியில் ஜெயபாரதியே முடிவு செய்தாள். சேலத்தைத் தாண்டி, மலையடிவாரத்து அணை ஒன்றின் கரையில் 'நீலத்துளி' என்று ஒரு கேம்ப். படத்தில் தண்ணீர் அப்படி ஒரு நீலம். நீலத்தின் ஓரத்தில் ஆரஞ்சு டென்ட்டுகள், வரிசையாக, புதுசாக. கொடைக்கானலுக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஏரிக்கரை இடமும் பட்டியலில் இருந்தது. அதன் படம் ஒரே சாம்பல். மூலையில் எடுத்தவனின் கட்டைவிரல் வேறு விழுந்திருந்தது. விரலைப் பார்த்த வேகத்தில் அவள் அதைத் தள்ளிவிட்டாள்.

புதன்கிழமை மதியம் மூன்று மணி. நீலத்துளிக்கு முன்பணம் அனுப்பலாம் என்று போனை எடுத்தபோது, அபிராமபுரத்திலிருந்து ஷண்முகப்ரியா என்ற அம்மாள் ஒரு பார்சலோடு வந்து நின்றாள். பிரித்து, புடவையை மேசைமேல் போட்டாள்.

"ஏம்மா, உங்க பக்கத்துல மாம்பழ மஞ்சள்னு போட்டிருந்தீங்க. இது மாம்பழமா? சாம்பார்!"

ஜெயபாரதிக்கு வாடிக்கையாளரிடம் இறங்கிப் பேச வராது. "கலரெல்லாம் கரெக்ட்டுதான் மேடம். உங்க போன்ல பிரைட்னஸ் ஜாஸ்தியா வச்சிருப்பீங்க."

"என் போன் மேலயே பழி போடறியா?"

பொன்மணி குறுக்கே வந்து, "வாங்கம்மா, வெளிச்சத்துல பாப்போம்" என்று புடவையோடு அவளை வாசலுக்கு அழைத்துப்போனாள். கடைக்குள் எரியும் விளக்குக்குக் கோணிப்பைகூடப் பட்டு மாதிரி மின்னும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் எந்தப் புடவையையும் தெருவெயிலுக்குக் கொண்டுபோய்த்தான் வாங்குவார்கள். தெருவில் பிடித்தார்கள். சாம்பார்தான். சந்தேகமே இல்லை, பெருங்காயம் தூக்கலான சாம்பார். பொன்மணி வேறொரு புடவையை மாற்றிக் கொடுத்து அனுப்பிவிட்டு சாம்பார் புடவையை ஜெயபாரதியின் மேசையில் போட்டு அங்கேயே சாய்ந்தாள்.

"டிகிரி, ஒண்ணு கேக்கட்டா? கோச்சுக்காத."

"கேளு."

"அந்த ஏரிய வெளிச்சத்துல பாத்தியா?"

ஜெயபாரதி உடனே நீலத்துளிக்கு வீடியோ கால் போட்டாள்.

எடுத்தவன் முதலில் தன் முகத்தைக் காட்டினான். பிறகு டென்ட்டைக் காட்டினான், டென்ட்டின் உள்ளே காட்டினான், போர்வையைக் காட்டினான்.

"ஏரியக் காட்டுங்க சார்."

"சிக்னல் கொஞ்சம் வீக் மேடம்..."

"இன்னும் ரெண்டு எட்டு தள்ளி நில்லுங்க. ஹாங். திருப்புங்க."

போன் திரும்பியது. பாளம் பாளமாக வெடித்த மண். தூரத்தில் கரண்டியளவு தண்ணீர். நீலம் இருக்க வேண்டிய இடத்தில் நாற்பது ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. ஒன்று போனையே உற்றுப் பார்த்தது.

"தண்ணி எங்க?"

"இருக்கு மேடம். உங்க போன்ல பிரைட்னஸ் கம்மியா வச்சிருப்பீங்க."

பொன்மணி புடவைக் கட்டின்மேல் விழுந்து விழுந்து சிரித்தாள். குல்சும் அக்கா தையல் மிஷினை விட்டு எழுந்து வந்து விஷயத்தைக் கேட்டு, நின்றபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஜெயபாரதிக்குக் காது மடல் எரிந்தது. அந்த ஆளைத் திட்டத்தான் நினைத்தாள். ஆனால் எந்தச் சொல்லை எடுத்தாலும் அது மேசையில் கிடந்த சாம்பார் புடவையைத் தாண்டிப் போக மறுத்தது.

மணி நாலரை. அண்ணாச்சி மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, "என்ன பட்டதாரி, அண்டாவ வண்டியில ஏத்தச் சொல்லட்டுமா?" என்று அன்பாக விசாரித்துவிட்டுப் போனார்.

"அந்த விரலு போட்டோ கீதே," என்றாள் குல்சும் அக்கா, "அதுக்கு போன் அடியேன்."

அடித்தாள். அக்பர் பாஷா என்று ஒருவர் எடுத்தார். முன்னால் சென்னையில் ஐஸ் ஹவுஸ் பக்கம் டீக்கடை வைத்திருந்தவராம். கேட்பதற்கு முன்னாலேயே நடந்துகொண்டே காட்ட ஆரம்பித்துவிட்டார்.

"பாரும்மா, இதான் ஏரி. தெரியலியா? எனக்கே தெரியல. பனி. காலைல பத்து மணி வரிக்கும் இப்டித்தான், சாயங்காலமும் இதே கதைதான். தண்ணி ரொம்பி நிக்குது, ஆனா யாரும் எறங்கக் கூடாது, சேறு. கரையில உக்காந்து பாக்கலாம். டென்ட்டு பழசு, ஒழுவாது. அப்புறம் அட்டை கீது. மழ பேஞ்சா கால்ல ஏறும். அத முன்னாடியே சொல்லிட்றேன், பின்னாடி வந்து கத்தாதீங்க."

"பாத்ரூமக் காட்டுங்க பாய்," என்று குல்சும் அக்கா போனைப் பிடுங்கினாள். "கதவச் சாத்துங்க. உள்தாழ்ப்பா போடுங்க."

"தாழ்ப்பா லூசும்மா. வர்றதுக்குள்ள மாத்திடறேன்."

"மாத்திட்டு போட்டோ அனுப்புங்க. விரலு தெரிஞ்சாலும் பரவால்ல."

சமையல் அவர் வீட்டம்மா குழுவாம். தட்டு அவரவர் எடுத்துக்கொள்ள வேண்டும், கழுவுவது அவர்கள் பாடு.

ஆறு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது ஜெயபாரதி மற்ற பெண்களோடு மாடியேறி அண்ணாச்சி முன்னால் போய் நின்றாள். அவள் படித்த படிப்பில் எதையும் விற்கும் விதம் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அதை ஒதுக்கிவிட்டு, பனி, சேறு, பழைய டென்ட், அட்டை, தாழ்ப்பாள் என்று எல்லாவற்றையும் ஒப்பித்தாள்.

அண்ணாச்சிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "என்னட்டி, கொறையா சொல்லுத? கூட்டிப்போக இஷ்டம் இல்லையா?"

"இஷ்டம்தான். அங்க போயி நீங்க சாம்பார்னு சொல்லக்கூடாதுல்ல."

அவருக்கு அது புரியவில்லை. பின்னால் நின்ற பொன்மணிக்குப் புரிந்து இருமல் வந்தது.

"கோயில்?"

"ஏரிக்கரையில ஒரு பிள்ளையார் இருக்காரு. கூரை கெடையாது. கூட்டமும் கெடையாது. முன்னாடி நின்னு பாக்கலாம்."

"சமையலு?"

"அவங்க. உங்க வீட்டு ஆளுங்க பதினாலு பேரும் வரலாம். தட்டு எடுத்துக்கினு வரிசைல நிக்கணும். நீங்களுந்தான் அண்ணாச்சி."

அண்ணாச்சி தன் நாற்காலியைப் பார்த்தார். கடையில் இருந்த ஒரே நல்ல நாற்காலி அது. பிறகு இத்தனை நேரமும் நின்றுகொண்டிருந்த பெண்களைப் பார்த்தார். சிரிக்கவில்லை, அதனால் கோபம் இல்லை என்று எல்லாருக்கும் தெரிந்தது.

"வரிசை பெருசா இருக்குமோ?"

"இருக்கும்."

"சரி, நிக்கேன். பஸ்காரனுக்குச் சொல்லிருதேன்."

படியிறங்கும்வரை ஜெயபாரதி முகத்தை உம்மென்றுதான் வைத்திருந்தாள். கீழே வந்ததும் சாம்பார் புடவையை எடுத்துக்கொண்டு பிளாட்பாரத்துக்குப் போனாள். இருட்டுவதற்குள் படம் எடுத்துவிட வேண்டும். பொன்மணி முந்தானையைப் பிடித்தாள்.

"இதுக்கு இன்னா பேரு வைக்கப் போற டிகிரி?"

"சாம்பார் மஞ்சள்."

"ஐயோ, அண்ணாச்சி கொன்னுடுவாரு!"

மேலே ஜன்னல் திறந்தது. அண்ணாச்சியின் தலை.

"ஏட்டி பட்டதாரி! அந்த அட்டை கடிச்சா என்ன செய்யணும்?"

"உப்பு போடணும் அண்ணாச்சி!"

"அப்ப உப்ப மட்டும் நான் கொண்டாரேன்!"

ஜன்னல் மூடியது. பொன்மணி புடவையை விடாமல் பக்கத்தில் சாய்ந்து சொன்னாள்: "உப்பு மட்டும்னு எழுதி வாங்கிக்க. இப்ப உப்பும்பாரு, நாளைக்கு அரிசிம்பாரு."