இடது கைக்கு அனுமதி நீட்டிப்பு

என் இடது கையை வைத்துக்கொள்வதற்கான அனுமதி வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணியோடு முடிகிறது. நீட்டிக்க வேண்டுமானால் பாலே நடனப் பயிற்சிக் கம்பியருகே நின்று, கையும் காலும் சேர்ந்து இயங்குவதை அதிகாரிக்குக் காட்ட வேண்டும். பெரம்பூரில் எல்லோரும் காட்டிவிட்டார்கள். நான்தான் வழக்கம்போலக் கடைசி நாள்வரை இழுத்தடித்தேன்.

வகுப்பு ஒரு மாடியில். சுவர் நெடுக இடுப்பு உயரத்தில் மரக்கம்பி. அதன் அந்தக் கோடியில் அதிகாரி மேசை போட்டு உட்கார்ந்திருந்தார்.

என் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் கலியமூர்த்தி. காத்திருப்போர் பட்டியலில் அடுத்த ஆள். நான் தோற்றால் கை அவருக்கு.

"உங்களுக்குத்தான் ரெண்டு கை இருக்கே சார்?"

"இருக்கும்மா. கூட ஒண்ணு இருந்தா நல்லதுதானே."

அவர் என் மணிக்கட்டை முருங்கைக்காய் வாங்குகிறவர்போல் அழுத்திப் பார்த்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

என் மகள் மகிழினிக்கு ஒன்பது மாதம். இந்த இடது கையில் படுத்தால்தான் தூங்குவாள். வலது கையில் போட்டால் ஊரைக் கூட்டிவிடுவாள். கை போனால் அவளை எதில் போடுவது?

பயிற்சி தொடங்கியது. வலது கை கம்பியில். இடது கை பக்கவாட்டில், லேசாக வளைந்து. இடது பாதத்தைத் தரையோடு தேய்த்து முன்னால் நீட்டி, அதே வழியில் திரும்ப இழுக்க வேண்டும். அவ்வளவுதான்.

"முழங்கை தொங்குது மேடம்," என்றாள் பயிற்சி தரும் மெர்லின் மிஸ். "தோளை மட்டும் இறக்குங்க."

"ரெண்டும் சேர்ந்துதானே இறங்குது?"

"அதான் பிரச்சினையே."

பெரிய பிரச்சினை கால். பதினொரு வருடம் பரதநாட்டியம் ஆடிய கால். தரையைக் கண்டால் தட்டும். தேய்க்கச் சொன்னேன். ஓங்கித் தட்டியது.

கம்பி ஒரு கஜம் நீண்டது. அதிகாரி மேசையோடு ஒரு கஜம் தள்ளிப் போனார்.

"தட்டக் கூடாது."

"தெரியும் மிஸ்."

"உங்களுக்குத் தெரியும். காலுக்கு?"

காலுக்குத் தெரியவில்லை. நாலே முக்காலுக்கு அதிகாரி கொத்தமல்லி விதையளவுக்கு ஆகியிருந்தார். "இன்னும் பதினஞ்சு நிமிஷம்" என்று அவர் சொன்னது என் காதுக்கு வந்தபோது பத்து நிமிஷம்தான் இருந்தது. கலியமூர்த்தி எழுந்து சட்டைப் பொத்தான்களைக் கழற்றத் தொடங்கினார்.

நான் காலைப் பார்த்து மெல்லச் சொன்னேன்: "சத்தம் போடாத. பாப்பா இப்பதான் கண்ணசந்திருக்கா."

கால் நம்பிவிட்டது. தரையோடு தேய்ந்து சத்தமில்லாமல் போயிற்று, சத்தமில்லாமல் வந்தது. முழங்கையும் நம்பியது. உள்ளே ஒரு தலை இருப்பதுபோல் வளைந்து அப்படியே நின்றது. கம்பி சுருங்கியது. அதிகாரி மேசையோடு என் முன் வந்து சேர்ந்தார்.

"யாரு தூங்குறது?"

"என் பொண்ணு சார்."

என் வெறும் கைக்குள் எட்டிப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"உங்க ஜாடைதான்."

முத்திரையைக்கூட ஓசைப்படாமல் வைத்தார். கலியமூர்த்தியும் எட்டிப் பார்த்தார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நுனிக்காலில் படியிறங்கினார். ஜெயித்துவிட்டேன். அழுகை வந்தது, சத்தமில்லாமல் அழுதேன்.

வீட்டு வாசலில் என் கணவர் ஞானசேகர் மகிழினியைத் தூக்கிக்கொண்டு நின்றார். அவள் வீறிட்டுக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் சிவந்திருந்தது. என்னைப் பார்த்ததும் இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"மூணு மணியிலேருந்து தூங்கல. சீக்கிரம் வாங்கிக்கோ," என்றார்.

நான் வளைந்தபடியே இருந்த இடது கையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓரடி பின்னால் நகர்ந்தேன். பாதம் தேய்ந்துதான் நகர்ந்தது.

"அவளை அந்தப் பக்கம் கொண்டு போங்க," என்றேன். "இவ முழிச்சுக்குவா."