நடவடிக்கை எடுக்கப்பட்டது

கல்லூரி வாசலில் அனுப்பிரியாவின் படம் ஆள் உயரத்துக்கு மேலே நின்றது. "அரசுப் பணிக்குத் தேர்வான எங்கள் மாணவி" என்று தலைப்பு. அவளைச் சுற்றித் தாளாளர், முதல்வர், துறைத் தலைவர் ஆகியோரின் படங்கள் அவரவர் பதவிக்குத் தகுந்த அளவில். கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்த எல்லாருக்கும் அவள் வேலைக்குப் போய்விட்டாள் என்று தெரியும். அவளுக்கும், வேலை கொடுக்க வேண்டிய கடலூர் அலுவலகத்துக்கும் மட்டும்தான் தெரியாது.

குடிநீர் பரிசோதனைக் கூடத்தில் உதவியாளர் வேலை அது. எழுத்துத் தேர்வில் அவள்தான் முதல். சான்றிதழ் சரிபார்ப்பில் கண்காணிப்பாளர் சுப்பராயலு அவள் பட்டத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கேட்டிருந்தது பி.எஸ்சி. வேதியியல். அவள் நீட்டியது 'பி.எஸ்சி. பயன்பாட்டு வேதியியல் மற்றும் தொழில்முனைவு'.

"இதுவும் அதுவும் சமம்னு கவர்மெண்டு ஆர்டர் இருக்காம்மா?"

"அதே பாடம்தான் சார். பேரு மட்டுந்தான் வேற."

"பாடத்த யாரு கேட்டா? ஆர்டர் இருக்கா?"

இல்லை. போன முறை தர மதிப்பீட்டுக் குழு வந்தபோது, 'புதுமையான படிப்புகள்' என்ற தலைப்பின் கீழே காட்டக் கல்லூரியிடம் ஒன்றும் இருக்கவில்லை. ஆகவே நல்லபடியாக இருந்த வேதியியலுக்கு ஒரு வால் ஒட்டினார்கள். வாலுக்காக ஒரு தாள் சேர்க்கப்பட்டது. அதில் மாணவர்கள் எலுமிச்சை ஊறுகாய் போட்டார்கள். புதுப் பட்டம் பழைய பட்டத்துக்குச் சமம் என்று அரசிடம் ஆணை வாங்க வேண்டும் என்பது யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியவர்கள் ஓய்வு பெற்றுவிட்டார்கள்.

சுப்பராயலு கெட்டவர் இல்லை. "ஆர்டர் வர நாளாவும். காலேஜு அப்ளை பண்ணியிருக்குன்னு ஒரு லெட்டர் மட்டும் வாங்கியாந்துடு. மாசக் கடைசி வரைக்கும் ஒன் எடத்த நிறுத்தி வைக்கிறேன். அதுக்கு மேல என் கையில இல்ல."

ஒரு கடிதம். அவ்வளவுதான். ஆனால் கல்லூரி தன்னாட்சிக் கல்லூரி. எதையும் முறைப்படிதான் செய்யும். அரசுக்கு விண்ணப்பிக்கப் பாடத்திட்டக் குழு தீர்மானம் போட வேண்டும். பாடத்திட்டக் குழு, முன்னாள் மாணவர், பெற்றோர், வேலை கொடுப்பவர்களைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்கும் ஸ்டேக்ஹோல்டர் மீட்டிங்கில் எழுந்து நிலுவையில் நிற்கும் விஷயங்களை மட்டுமே எடுத்துக்கொள்ளும். நல்லவேளையாக அந்த மீட்டிங்குக்கு அவளுக்கே அழைப்பு வந்தது. வாசலில் அவ்வளவு பெரிய படத்தை வைத்துவிட்டு வேறு ஆளைக் கூப்பிட முடியாதல்லவா.

கூட்டத்தை நடத்தியவர் ஸ்ரீதர் சார். மூன்று ஆண்டும் அவளுக்கு வேதியியல் எடுத்தவர். அருமையாக எடுப்பார். அதனால் அவரைத் தர உறுதிப் பிரிவுக்கு ஒருங்கிணைப்பாளராகப் போட்டு, பாடம் எடுப்பதிலிருந்து காப்பாற்றியிருந்தார்கள்.

"வாம்மா வா. ஒன்னத்தான் தேடிக்கிட்டிருந்தேன். இது அப்பாவா? வாங்க சார், உள்ள வாங்க."

அப்பா சாமிக்கண்ணு கிள்ளைக்காரர். பிச்சாவரத்தில் சுற்றுலாப் படகுக்குத் துடுப்புப் போடுகிறவர். மகளை வண்டியில் கொண்டுவந்து விட்டுவிட்டு, மதிய சவாரிக்குத் திரும்புவதாக இருந்தார்.

"சார், நீங்க பேரண்ட்ஸ் சீட்டுல உக்காருங்க."

"இது படிச்சி முடிச்சி நாலு வருசம் ஆவுதுங்களே."

"படிப்பு முடிஞ்சிட்டா நீங்க பேரண்ட் இல்லன்னு ஆயிடுமா சார்?"

சாமிக்கண்ணுவால் அதை மறுக்க முடியவில்லை. உட்கார்ந்தார்.

'வேலை வழங்குவோர்' என்ற அட்டைக்குப் பின்னால் பண்ருட்டி முந்திரி வியாபாரி உத்திராபதி இருந்தார். இந்த முறை வரப்போகும் தர மதிப்பீட்டுக் குழுவுக்கான முந்திரிப் பெட்டிகளை இறக்கிவிட்டுப் போக வந்தவர். லாரியை ஓரங்கட்டச் சொல்லி அவரை மேலே அழைத்து வந்திருந்தார்கள். அவருக்குத் தண்ணீர் பாட்டிலும் குறிப்பு எழுதப் பேனாவும் கொடுத்ததில் கொஞ்சம் பயந்துபோயிருந்தார்.

முதல்வர் மாலதி மேடம் அவரிடமிருந்தே தொடங்கினார். "எங்க ஸ்டூடண்ட்ஸ் உங்க எதிர்பார்ப்புக்கு ஏத்த மாதிரி இருக்காங்களா சார்?"

"எங்க கிட்ட கொட்ட ஒடைக்கிறது எல்லாம் பொம்பளைங்கம்மா. டிகிரி படிச்ச புள்ள ஒண்ணு வந்துச்சி. கொட்ட எண்ணெ பட்டு கையெல்லாம் வெந்துபோச்சி. மறுநாளே ஓடிடிச்சி."

"செயல்முறைப் பயிற்சி இன்னும் ஜாஸ்தி வேணும்ங்கிறீங்க."

"நானு கையொற வாங்கிப் போடணும்னு நெனச்சேன்."

ஸ்ரீதர் சார் மேடம் சொன்னதை எழுதிக்கொண்டார். எழுதிக்கொண்டார் என்பதுகூட மரியாதைக்குச் சொல்வதுதான். கூட்டத்தின் குறிப்பு முந்தின நாளே அச்சாகிக் கோப்பில் இருந்தது. பெற்றோர் தரப்பு கழிப்பறைத் தூய்மையைப் பாராட்டியிருந்தது. சாமிக்கண்ணு அதுவரை எழுந்து எங்கேயும் போகவில்லை.

அனுப்பிரியா கை தூக்கினாள். "மேடம், ஒரு வரி சேக்கணும். நம்ம டிகிரிக்கு சமம்னு ஆர்டர் இல்ல. அதுனால எனக்கு வேல நிக்குது. எனக்கு மட்டுமில்ல, பின்னாடி படிக்கிற எல்லாருக்கும் நிக்கும். காலேஜு கவர்மெண்டுக்கு அப்ளை பண்ணணும்."

மேடம் கோப்பை மூடினார்.

"இது நல்ல விஷயம் பேசுற கூட்டம்மா," என்றார் மேடம்.

"நாலு பேரு இருக்கற எடத்துலதான மேடம் சொல்ல முடியும்?" சாமிக்கண்ணு பெற்றோர் என்ற முறையில் கேட்டார்.

"இல்ல சார், இப்ப போயி அப்ளை பண்ணா, இத்தன வருஷமா என்ன பண்ணீங்கன்னு கேப்பாங்க."

"நானும் அதத்தான் மேடம் கேக்குறேன்," என்றாள் அனுப்பிரியா.

உத்திராபதி முதல் முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தார். மேடத்தின் முகம் மாறுவதற்குள் ஸ்ரீதர் சார் அவர் பக்கம் சாய்ந்தார். ரகசியம் பேசுகிறோம் என்ற நினைப்பில் எல்லாருக்கும் கேட்கும்படி பேசினார். "மேடம், குறையே இல்லன்னா குழு நம்பாது. நாமளே எழுதிக்கிட்டோம்னு சொல்லிடுவாங்க. ஒண்ணு ரெண்டு குறை இருந்தாத்தான் ஒரிஜினல் மாதிரி இருக்கும்."

மேடம் முகம் தெளிந்தது. "தாராளமா சேருங்க சார். நாங்க எதையும் மறைக்கிறதில்ல."

ஸ்ரீதர் சார் தன் கையாலேயே தட்டச்சு செய்து, அவளுக்குப் படித்துக் காட்டினார். அனுப்பிரியா கையெழுத்துப் போட்டாள். சாமிக்கண்ணுவும் போட்டார். உத்திராபதி எங்கே போட வேண்டும் என்று கேட்டு, எல்லா இடத்திலும் போட்டார்.

வடை, காபி. கிள்ளைக்குத் திரும்பும் வழியில் சாமிக்கண்ணுவுக்கு வாய் ஓயவில்லை. "ஒங்க சாரு நல்ல மனுசன். மேடத்துகிட்டயே சொல்லி முடிச்சிட்டாரு பாத்தியா? மெரட்டாம, கெஞ்சாம!"

"ஆமாப்பா," என்றாள். அன்றைக்கு அவளுக்கும் அப்படித்தான் இருந்தது.

மதிப்பீட்டுக் குழு வந்தது. சுவர்களுக்கு அடித்த பெயிண்ட் காய்வதற்குள் போயும்விட்டது. கல்லூரிக்கு ஏ பிளஸ் கிடைத்தது. பட்டாசு வெடித்தார்கள். அடுத்த வாரம் பாடத்திட்டக் குழு கூடியது. அன்று மாலை அனுப்பிரியா போன் செய்தாள்.

"சார், நம்ம விஷயம் வந்துச்சா?"

"வரலம்மா."

"ஏன் சார்?"

"நேர்ல வாயேன், சொல்றேன்."

நேரில் போனாள். ஸ்ரீதர் சார் கணினியைத் திருப்பிக் காட்டினார். ஒரு பெரிய அட்டவணை. முதல் கட்டத்தில் கருத்து, இரண்டாவதில் கூறியவர், மூன்றாவதில் எடுக்கப்பட்ட நடவடிக்கை. அவளுடைய வரி பத்திரமாக இருந்தது, ஒரு சொல்கூட மாறாமல். பக்கத்தில் 'முன்னாள் மாணவி'. அதற்குப் பக்கத்தில், 'அரசாணை பெறப்பட்டது'.

அவளுக்கு ஒரே சந்தோஷம். கொஞ்ச நேரம்தான். "எப்ப சார் வாங்குனீங்க?"

"வாங்கலம்மா."

"வாங்கலியா?"

"இது குழுவுக்காகப் போட்டது. மூணாவது கட்டத்த காலியா வுட முடியாது, கம்ப்யூட்டரு எடுக்காது. நிலுவைன்னு போட்டா மார்க்கு கொறையும். அதனால வர்ற குறையெல்லாம் முடிஞ்சிடிச்சின்னு போட்றது வழக்கம். எல்லாத்துக்குமே அப்படித்தான் போட்டோம். ஒனக்குன்னு தனியா செய்யல."

"அப்ப பாடத்திட்ட போர்டுக்கு?"

"போர்டுக்கு நிலுவைல இருக்கறதுதான போவும்? இதுதான் முடிஞ்சி போச்சே."

அவள் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "குழுல இதப் பாத்தாங்களா சார்?"

"பாத்தாங்க. தலைவரே நிறுத்திப் படிச்சாரு. ஒரு பழைய ஸ்டூடண்ட் சொன்னத இவ்வளோ சீக்கிரம் முடிச்சிக்கிறீங்களேன்னு கை கொடுத்தாரு. எனக்குமே பெருமையா இருந்திச்சி." சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மாத்துங்க சார். நிலுவைன்னு போடுங்க."

"வெப்சைட்டுல அப்லோடு ஆனத தொட்டா கிரேடுக்கே ஆபத்தும்மா. அடுத்த வருஷம் மீட்டிங்குல புதுசா ஒரு தடவ சொல்லேன். நானே ஒன்னக் கூப்புடுறேன்."

"மாசக் கடைசி வரைக்குந்தான் சார் எடம்."

ஸ்ரீதர் சார் கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். அவருக்கும் இரண்டு பிள்ளைகள். வேலையும் இன்னும் நிரந்தரமாகவில்லை.

"அப்ப இதுல ஒரு காப்பி குடுங்க," என்றாள். "சீல் வச்சி."

நல்ல வாத்தியார் அல்லவா, மாணவி கேட்டதும் கொடுத்துவிட்டார்.

கெடுவின் கடைசி நாள் அவள் கடலூருக்குப் போனாள். சாமிக்கண்ணுவும் கூட வந்தார். அவளிடம் ஒரு திட்டம் இருந்தது. அரசு அலுவலகத்திலிருந்து ஒரு போன் போனால் கல்லூரி பயந்துவிடும். பொய் சொன்னதாக ஆகிவிடாமல் இருக்கவாவது, விண்ணப்பித்திருக்கிறோம் என்று ஒரு வரி எழுதிக் கொடுத்துவிடும்.

சுப்பராயலு தாளைப் படித்து மலர்ந்தார். "ஆர்டரே வாங்கியாச்சா! லெட்டருதான கேட்டேன்? பரவால்லியே ஒங்க காலேஜு. ஆமா, ஆர்டர் நம்பரு எங்க?"

"அவுங்களத்தான் சார் கேக்கணும்."

அவர் அங்கேயே போன் போட்டார். மேடத்தோடு பேசினார். முதலில் நிறையக் கேட்டார். பிறகு கேட்பதைக் குறைத்து "சரிங்க மேடம், சரிங்க மேடம்" என்று தலையாட்டினார். போனை வைத்துவிட்டுத் தாளை அவள் பக்கம் தள்ளினார்.

"இது மதிப்பீட்டுக்கு மட்டும் தயார் பண்ணதாம்மா. வேற எதுக்கும் காட்டக் கூடாதாம்."

"அப்ளை பண்றோம்னாவது சொன்னாங்களா சார்?"

"கேட்டேன். முடிஞ்சி போன விஷயத்துக்கு எப்படி சார் அப்ளை பண்றதுன்னு கேக்குறாங்க."

"அவுங்க பொய் எழுதியிருக்காங்கன்னு நீங்களே பாத்தீங்க இல்ல? மேல எழுதுங்க சார்."

"ஏ பிளஸ் காலேஜும்மா," என்றார் சுப்பராயலு. "நானு ஒரு சூப்ரண்டு. குழுவே வந்து பாத்து சரின்னு சொன்னத நானு தப்புன்னு எழுதுனா, மொதல்ல என் டிகிரி எதுன்னு கேப்பான்." பேனாவை எடுத்தார். அவள் பெயரின் மேல் கோடு போடும்போது அவளைப் பார்க்கவில்லை.

வராந்தாவில் பெஞ்சு இருந்தது. அப்பா பேருந்து நிலையத்துக்கு ஆட்டோ பார்க்கப் போனார். பெஞ்சின் மறுகோடியில், நெஞ்சோடு ஃபைலை அணைத்தபடி ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பட்டியலில் அடுத்தவள், எதற்கும் இருக்கட்டும் என்று அவளையும் வரச் சொல்லியிருந்தார்கள். பெயர் இளவரசி. மங்கலம்பேட்டை. சாதாரண பி.எஸ்சி. வேதியியல். உள்ளே நடந்தது பாதி அவள் காதில் விழுந்திருந்தது. அந்தச் சங்கடத்தில் அவளாகவே பேச ஆரம்பித்தாள்.

"மனசுல வச்சிக்காதீங்கக்கா. ஒங்க மார்க்குக்கு வேற நல்லதா கெடைக்கும்."

அனுப்பிரியா தலையாட்டினாள்.

"நீங்க எந்த காலேஜுக்கா?"

சொன்னாள்.

இளவரசியின் முகம் விரிந்தது. "அட! ஏ பிளஸ் வாங்குனாங்களே, அதா? எந்தங்கச்சிய போன வாரந்தான் அதுல சேத்துக்கிறோம். சீட்டே கெடைக்கல, அலைஞ்சி திரிஞ்சி வாங்குனோம். அதே அப்ளைடு கெமிஸ்ட்ரிதான்."

"எடுத்துடுங்க," என்றாள் அனுப்பிரியா. "இப்பவே வேற கோர்ஸுக்கு மாத்திடுங்க. அந்த டிகிரி எதுக்கும் செல்லாது."

இளவரசி அவளை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தாள். முகத்தில் இருந்த இரக்கம் மெல்ல வேறாக மாறியது. கைக்கு வந்த வேலையைப் பறிகொடுத்தவள். பேசுவதோ அதை எடுத்துக்கொள்ளப் போகிறவளின் தங்கையைப் பற்றி. வேறு எப்படித்தான் பேசுவாள்?

"அப்படியாக்கா," என்றாள்.

"நெசமாத்தான் சொல்றேன். ஆர்டர் கெடயாது. நீங்களே போயிக் கேட்டுப் பாருங்க."

"கேட்டோமேக்கா. சேக்கும்போதே எங்கப்பா கேட்டாரு. ஆர்டர் வாங்கியாச்சின்னு வெப்சைட்டுலயே போட்டுக்கிறாங்க. காட்டுனாங்க."

உள்ளேயிருந்து சுப்பராயலு பெயர் சொல்லிக் கூப்பிட்டார். இளவரசி எழுந்து துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டாள். கதவருகே நின்று, பெரிய மனசோடு திரும்பிப் பார்த்தாள்.

"சரிக்கா. வீட்டுல சொல்றேன்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.